ஏழு வருஷத்தில் நாலு தலைப்பட்டி

காலையில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனால், கீரை விற்கும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீரைக்கட்டை எடுப்பார். "என்ன தம்பி, இண்டைக்கும் கோடு விழுந்திருக்கு" என்பார். மூக்கின் ஓரத்தில் தொடங்கிக் காதை நோக்கிப் போகும் சிவந்த கோடு, இரண்டு கன்னத்திலும். அலுவலகத்தில் முதல் தேநீர் குடிக்கும் வரைக்கும் அது மறையாது. இரவில் மூச்சு நிற்காமல் இருக்க நான் போடும் முகமூடியின் பட்டி பதிந்த தடம் அது.

2018இல் தூக்கப் பரிசோதனை செய்தபோது மணித்தியாலத்துக்கு 41 தடவை எனக்கு மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று வந்தது. 30ஐத் தாண்டினாலே கடுமையான நிலை என்கிறார்கள். அன்றிலிருந்து, குழாய் வழியாக முகமூடிக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் மிஷின்தான் துணை. மிஷினைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர்: சத்தம் எவ்வளவு, திரையில் என்ன தெரிகிறது, போனோடு இணையுமா என்றெல்லாம். தலையைச் சுற்றிப் போகும் பட்டியைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. என் அனுபவத்தில் மிஷின் ஒரு நாளும் பிரச்சினை தரவில்லை. முகமூடியை விடியும்வரை போட்டிருந்தேனா, இரண்டு மணிக்குக் கழற்றி எறிந்தேனா என்பதை முடிவு செய்தது பட்டிதான்.

முதல் பட்டி மிஷினோடு வந்தது. மூக்கை மட்டும் மூடும் முகமூடி, நெற்றியில் ஒரு தாங்கி, நாலு முனை, நாலு வெல்க்ரோ. வெளியே வழுவழுப்பான துணி, உள்ளே மெல்லிய ஸ்பொஞ்ச். கடலுக்குள் முழுகுகிறவர்கள் போடும் உடுப்புக்குக் கிட்டத்தட்ட அதே சாமான். கடைப் பையன் என்னைக் கதிரையில் நிமிர்ந்து இருக்கவைத்து, மிஷினைப் போடாமலே நாலு பக்கமும் இறுக்கிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். படுத்தவுடன் கன்னச் சதை பின்னால் சரிந்தது, காற்று கண்ணுக்குள் அடித்தது. இறுக்கினேன். இன்னும் அடித்தது. இன்னும் இறுக்கினேன். ஐந்து மாதத்தில் மூக்குத் தண்டில் புண் வந்தது.

இறுக்க இறுக்க ஏன் கூடக் காற்று போகிறது என்று பிறகுதான் விளங்கியது. முகத்தில் படும் சிலிக்கன் மெத்தையில் இரண்டு படை இருக்கிறது. முகத்தைத் தொடும் படை மிக மெல்லியது. மிஷினின் காற்று உள்ளே வந்து அதைப் பலூன் மாதிரி ஊதித் தோலோடு ஒட்டவைக்க வேண்டும். பட்டியை இறுக்கினால் அந்தப் படை நசுங்கி மடிகிறது, மடிப்புக்குள்ளால் காற்று போகிறது. எனவே முறை இதுதான்: படுத்து, மிஷினைப் போட்டு, காற்று முழு அழுத்தத்துக்கு வந்த பிறகு, முகமூடியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு மெல்ல மூக்கில் உட்காரவைத்து, காற்று போவது நிற்கும் அளவுக்கு மட்டும் பட்டியைப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மில்லிமீற்றர்கூட வேண்டாம்.

ஒரு பட்டி எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்த்தேன். மிஷினில் என் அழுத்தம் 11 சென்ரிமீற்றர் தண்ணீர், அதாவது அந்த உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அழுத்தும் அளவு. முகமூடியின் விளிம்பில் பவுடர் பூசி, மகளின் சதுரக்கோட்டுக் கொப்பியில் அழுத்தி எடுத்துப் பார்த்தால், உள்ளே ஏறக்குறைய 42 சதுர சென்ரிமீற்றர். இரண்டையும் பெருக்கினால் 462 கிராம். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவு விசை முகமூடியை இரவெல்லாம் முகத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. காற்றுப் போகாமல் ஒட்டியிருக்க அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் வேண்டும். வாயையும் சேர்த்து மூடும் பெரிய முகமூடியில் பரப்பு இரண்டு மடங்கு என்றால், பாரமும் இரண்டு மடங்கு. அதற்கு வரும் பட்டிகள் ஏன் அவ்வளவு அகலம் என்று இந்தப் பெருக்கலைச் செய்தபிறகுதான் பிடிபட்டது. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் இந்தச் சிகிச்சையை உலகத்துக்குச் சொன்ன காலத்தில், முகமூடியை ஒவ்வொரு இரவும் சிலிக்கன் பசையால் மூக்கில் ஒட்டினார்களாம். பட்டியே கிடையாது. நான் இறுக்கிய இறுக்குக்கு அது பரவாயில்லையோ என்று நினைத்த இரவுகள் உண்டு.

இன்னொரு பாரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. குழாய். புரண்டு படுக்கும்போது குழாய் முகமூடியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அந்த இழுவைக்குப் பயந்துதான் பாதி இறுக்கம். எங்கள் வீட்டில் நுளம்பு வலைச் சட்டம் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. குழாயை அதில் ஒரு நாடாவால் தொங்கவிட்டேன், கொஞ்சம் தளர்வு வைத்து. அன்றிரவே பட்டியை ஒரு விரல் அளவு தளர்த்த முடிந்தது. காசு செலவில்லாமல் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி அதுதான்.

இரண்டாவது பட்டி மெல்லிய இலாஸ்டிக். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன முகமூடிக்கு வந்தது. பரப்பு குறைவு, அதனால் பாரமும் குறைவு. கொழும்பு வெக்கைக்கு, மின்விசிறிக்குக் கீழே படுக்கிறவனுக்கு, முகத்தில் ஒன்றும் இல்லாத மாதிரி ஒரு சுகம். கோடுகூட விழவில்லை. ஆனால் பின்னந்தலையில் அது நிற்கவில்லை. தலையின் பின்பக்கம் தடவிப் பார்த்தால் எலும்பு புடைத்துக்கொண்டு இருக்கும் ஓர் இடம் தெரியும். பட்டி அந்தப் புடைப்புக்குக் கீழே, பிடரிப் பக்கம் போனால் அங்கேயே கொளுவிக்கொள்ளும். மேலே போனால் வழுக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறும். என்னுடையது ஏறியது. அதிலும் சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகிய இரவென்றால் சொல்லவே வேண்டாம். மூன்று மணிக்கு முகமூடி புருவத்தில் இருக்கும். எண்ணெய் இலாஸ்டிக்கையும் கெடுத்தது. எட்டு மாதத்தில் பழைய காற்சட்டை இடுப்பு மாதிரி தொய்ந்துவிட்டது. எண்ணெய் முழுக்கை நான் விடவில்லை, சீயாக்காயைக் கூட்டினேன்.

பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. நான் அப்போது முதல் பட்டிக்கே திரும்பியிருந்தேன். நடுச்சாமத்தில் மிஷின் நின்றால் காற்றும் நிற்கும். முழிப்பு வந்து, இருட்டில், வியர்வையில், வெல்க்ரோவைப் பறித்துக் கழற்றுவேன். அரை மணித்தியாலத்தில் கரண்ட் வரும். மறுபடி போட்டால் பழைய அளவு தெரியாது. வெல்க்ரோ தலையணை உறையில் ஒட்டும், மனைவியின் சோட்டியில் ஒட்டும், ஒட்டவேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டாது. பட்டியின் அளவை மாற்றாமல் கழற்றிப் பூட்டும் ஒரு கிளிப் கீழே இருந்தால் எவ்வளவு நல்லது என்று அந்த இரண்டு மாதம் எனக்குப் பாடம் எடுத்தது. இன்று புதிதாக வாங்குகிறவர் யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது கிளிப்பைத்தான். ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு, கழற்ற முடிகிறதா?

அந்த நேரம் பார்த்து முதல் பட்டி கிழிந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியிருந்தது. பட்டி மட்டும் தனியாக வராது, முகமூடியோடு சேர்த்துத்தான் என்றார்கள். அதுவும் எப்போது கப்பல் வரும் என்று தெரியாது. எங்கள் ஒழுங்கையில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஓர் அக்கா இருக்கிறார். மலையகத்திலிருந்து வந்து, கட்டுநாயக்க வர்த்தக வலயத்து ஆடைத் தொழிற்சாலையில் பல வருஷம் தைத்தவர். கிழிந்த பட்டியைக் காட்டினேன். இழுத்துப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி இழுத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் அங்க பிரா லைன்ல இருந்தேன். இதுவும் அந்த வேலைதான்."

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவருக்கு ஒன்றுமில்லை. "தோள்ல போற பட்டி பாரத்தத் தூக்கக்கூடாது. கீழ சுத்தி வர்ற பட்டிதான் தூக்கணும். தோள்பட்டி சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கணும். தோள்ல கோடு விழுந்தா கீழ்ப்பட்டி சரியில்லன்னு அர்த்தம். உங்களுக்குக் கன்னத்துல விழுது, அவ்வளவுதான்." நாலு வருஷமாக எந்த டொக்டரும் எந்தக் கடைக்காரரும் சொல்லாத விஷயம். என் பட்டியில் பாரத்தை எடுக்கவேண்டியது பிடரி, எடுத்துக்கொண்டிருந்தது கன்னம்.

கொப்பிக்கு உறை போடும் பிறவுண் பேப்பரில் பழைய பட்டியை வைத்துக் கோடு கீறினார். சாமான் வாங்கப் புறக்கோட்டை கெய்சர் வீதிக்கு என்னை அனுப்பினார்: பனியன் துணி, இரண்டு அகலத்தில் இலாஸ்டிக், இழுபடாத நாடா, வெல்க்ரோ. கடையில் இருந்தவர் "என்ன, பிள்ளைக்கு நாடகமா?" என்று கேட்டார். ஆமென்றேன்.

முதலில் தைத்தது தோற்றது. முழுக்க இலாஸ்டிக். நான் கேட்டுத்தான் அப்படித் தைத்தார், இழுபட்டால் சுகமாக இருக்கும் என்று. 462 கிராம் தள்ளும்போது இலாஸ்டிக் கொடுத்துவிடும், முகமூடி எழும்பும். அதைத் தடுக்க இறுக்கினால் மறுபடி அதே கோடு. இரண்டாவதில் அக்கா தன் இஷ்டத்துக்குச் செய்தார். பிடரித் துண்டை நாலு விரல் அகலமாக்கி, உள்ளே இழுபடாத நாடாவை வைத்தார். காதுக்குக் கீழே போகும் பட்டியிலும் நாடா. காதுக்கு மேலே போகும் பட்டியில் மட்டும் ஒரு சின்னத் துண்டு இலாஸ்டிக், புரளும்போது கொடுக்க. உச்சியில் ஒரு மெல்லிய பட்டி, பிடரித் துண்டு கீழே வழுக்காமல் இருக்க. தையல் எல்லாம் வெளிப்பக்கம், தோலில் படாமல். நூல் அறாமல் இருக்கச் சிக்-சாக். கன்னத்தில் படும் இடத்துக்கு அப்பாவின் பழைய வேட்டியில் ஓர் உறை.

அதை 14 மாதம் பாவித்தேன். குறைகளையும் சொல்ல வேண்டும். பனியன் துணி இரண்டு கிழமையில் நீண்டுவிட்டது, அளவைக் குறைத்துத் தைக்க வேண்டி வந்தது. வெளுத்துப்போனது. பார்க்க வடிவில்லை, மகள் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுதமாட்டேன். ஆனால் மூக்கில் புண் வரவில்லை, கோடு அரைவாசியாகக் குறைந்தது. காலையில் கழுவிக் கொடியில் போட்டால் மாலைக்குள் காயும். ஸ்பொஞ்ச் வைத்த கம்பனிப் பட்டி மழைக்காலத்தில் இரண்டு நாளாகியும் ஈரமாக இருக்கும், மணக்கும். நம் ஊர் ஈரக்காற்றை யோசித்து எவரும் அதைச் செய்யவில்லை.

இடையில் அப்பா சுவாசக் கோளாறோடு சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாயும் மூக்கும் மூடும் முகமூடி. நல்ல தாதி ஒருவர் மூக்குத் தண்டில் முன்கூட்டியே ஒரு மெல்லிய ஒட்டு வைத்து, பட்டிக்குக் கீழே இரண்டு விரல் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார். இரவு வேலைக்கு வந்த இன்னொருவர் காற்றுப் போகும் சத்தம் கேட்டால் இறுக்கிவிட்டுப் போவார். அப்பாவின் கைகளுக்குப் பலமில்லை. வாந்தி வந்தால் அவரால் அதைக் கழற்ற முடியாது. அந்த இரவுகளில் நான் தூங்கவில்லை. பூட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் இழுத்தால் கழலும் என்று என் விரல் தேடிக்கொண்டே இருந்தது.

நாலாவது, இப்போது இருப்பது, 2023இல் வாங்கியது. கிளிப் வைத்தது, பின்னால் அகலமானது. கடையில் காந்தக் கிளிப் வைத்த ஒன்றும் காட்டினார்கள். பூட்டும்போது தானாகவே போய் "டக்" என்று ஒட்டும், அவ்வளவு இலேசு. மச்சானுக்கும் அதையே சொல்லலாம் என்று நினைத்து, பிறகு நாக்கைக் கடித்தேன். அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. 2022இலும் 2023இலும் காந்தம் வைத்த முகமூடிகள் பற்றி எச்சரிக்கை வந்தது: பேஸ்மேக்கர் போன்ற கருவிகள், மூளையில் போட்ட உலோகக் கிளிப், கண்ணுக்குள் போன இரும்புத் துகள் உள்ளவர்கள் போடக்கூடாது. பக்கத்தில் படுக்கிறவருக்கு அப்படி ஏதும் இருந்தாலும் கூடாது. நான் பிளாஸ்டிக் கிளிப்பே எடுத்தேன்.

அளவு சரியான இடத்தில் போல்பொயின்றால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வெல்க்ரோவை அதற்குப் பிறகு தொடுவதில்லை, கிளிப்பால் மட்டும் கழற்றுகிறேன். அதன் பல்லில் சேரும் பஞ்சைப் பேன் சீப்பால் மாதம் ஒரு முறை வாருகிறேன். கிழமைக்கு ஒரு தடவை பேபி சோப்பில் கைக்கழுவல். முறுக்கிப் பிழிவதில்லை, துவாயில் சுற்றி அமத்துகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியை மாற்றச் சொல்கிறார்கள். கொழும்பில் எனக்குத் தெரிந்து அப்படி மாற்றுகிறவர் ஒருவரும் இல்லை. என்னுடையது இரண்டு வருஷம் தாண்டிவிட்டது.

போன கிழமை இடது கீழ்ப்பட்டி ஓரத்தில் பிரியத் தொடங்கியது. அக்காவிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, இழுத்துப் பார்த்தார். "கம்பனிக்காரன் இப்பதான் பின்னால அகலம் வைக்கிறான்" என்றார். தைத்துத் தந்துவிட்டு, வலது பக்கத்தையும் பிடித்து இழுத்தார். "இதுவும் ஒரு மாசந்தான் தம்பி. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, சாயந்தரம் வந்து எடுங்க."