புது டயர் இரண்டையும் பின்னால் மாட்டிய கடை

திருச்சி திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் இந்த டயர் கடைக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். ஒன்றைக் குறைத்ததன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மற்ற நாலும் கடைக்கார பாய் என் வண்டியைப் பார்த்த விதத்துக்கும், அதை எனக்குப் புரியும்படி சொன்ன விதத்துக்கும்.

என்னுடையது 2018 ஸ்விஃப்ட், பெட்ரோல். முசிறி பக்கம் அரசுப் பள்ளியில் வேலை. தினமும் காவிரிக் கரை ரோட்டில் போய் வருகிறேன். அவ்வப்போது மகளைப் பார்க்க சென்னைக்கும் நானேதான் ஓட்டிக்கொண்டு போவேன். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் மாற்றிவிடலாம் என்று 2025 அக்டோபரில் இந்தக் கடைக்குப் போனேன்.

டயர் கடைக்குப் பெண் தனியாக வண்டி எடுத்துப் போனால் பல இடங்களில் முதல் கேள்வியே "சார் வரலையா மேடம்?" என்பதுதான். அப்புறம் விலையைச் சொல்வார்கள், வேறு எதையும் சொல்ல மாட்டார்கள். இங்கே பாய் கேட்டது வேறு: "வண்டி எந்தப் பக்கமாவது இழுக்குதா டீச்சர்? எத்தனை ஸ்பீடுல ஸ்டியரிங் ஆடுது?" இடது பக்கம் லேசாக இழுக்கிறது, எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங்கில் நடுக்கம் இருக்கிறது என்றேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுசாக ஒடிக்கச் சொன்னார். நின்றபடி பார்த்தால் டயரின் வெளிப்பக்கம்தான் கண்ணில் படும். ஒடித்தால்தான் உள்விளிம்பு தெரியும். இந்த ஒன்றை வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம்.

என் டயரில் வெளிப்பக்கம் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகள், நன்றாகத்தான் இருந்தது. ஆழம் பார்க்கும் சின்ன கேஜை வைத்து அளந்தார்: வெளியே 4 மில்லிமீட்டர், உள்விளிம்பில் 2-க்கும் கீழே. காருக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகளாக வார்த்திருப்பதைக் காட்டினார். தேய்மானம் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம்.

பிறகு என் கையையே டயர் மேல் வைக்கச் சொன்னார். உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழவென்று போனது. வெளியிலிருந்து உள்ளே தடவினால் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் ரம்பப் பல் போல விரலை இடறியது. சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்தபடி தேய்த்துக்கொண்டே போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட்டில், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தில், கோளாறு. இத்தனையும் டயரிலேயே இருக்கிறது.

சரி, இனி அலைன்மென்ட் பண்ணிப் புது டயர் போட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். செய்யவில்லை. வண்டியை ஏற்றி, சக்கரத்தை இரண்டு கையாலும் ஆட்டினார், கம்பி கொடுத்து நெம்பினார், டார்ச் அடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். இடது லோயர் ஆர்மில், அதாவது சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் பாகத்தில், மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் வெடித்துப் பிளந்திருந்தது.

"இப்ப அலைன்மென்ட் பண்ணினா கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையா காட்டும் டீச்சர். ஒரு பள்ளத்துல இறங்கினா திரும்ப விலகிடும். உங்க காசும் போகும், புது டயரும் போகும். மெக்கானிக்கிட்ட புஷ்ஷை மாத்திட்டு வாங்க."

புஷ் மாற்றும் வேலை அவர் கடையில் இல்லை. அன்றைக்கு அவருக்கு என்னிடமிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதற்கு முன்னால் நான் விலை விசாரித்த ஒரு கடையில், வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் "கேம்பர் அவுட்டா இருக்கு, ஜாக்கி போட்டு இழுத்து விடுறோம்" என்று தனியாக ஒரு தொகை சொல்லியிருந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவுதான் கேம்பர். பாயிடம் அதைக் கேட்டபோது, என் வண்டியில் கம்பெனியே சரிசெய்ய வழி வைத்திருப்பது முன்சக்கரத்தின் டோ, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்க்கும் கோணம், ஒன்றுதான், அது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் திருகுகிற வேலை என்றார். கேம்பர் விலகியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும், இழுத்து வளைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. சஸ்பென்ஷனை வளைத்துச் சரிசெய்ய என் வண்டியை நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன். சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பாகம் அது.

புஷ் மாற்றிக்கொண்டு திரும்பப் போனபோதுதான் தலைப்பில் இருக்கும் விஷயம் நடந்தது. புது டயர் இரண்டையும் பின்னால் மாட்டி, பின்னால் இருந்த பழைய இரண்டையும் முன்னால் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் போனில் இருந்தார். "ஸ்டியரிங் முன்னாடி, இன்ஜின் முன்னாடி, பிரேக்கும் முன்னாடிதான் அதிகம் பிடிக்கும். நல்ல டயர் முன்னாடிதானே இருக்கணும்?" என்றார். நம்மில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறோம். கேட்டால் நியாயமாகவும் இருக்கிறது.

பாய் போனை வாங்கி, பொறுமையாக, ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும்படி விளக்கினார். மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் முன் டயர் பிடி விட்டால் ஸ்டியரிங் இலகுவாகிவிடுவது கையில் தெரியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்ப வரும். பின் டயர் பிடி விட்டால் முன்கூட்டி எதுவும் தெரியாது. வண்டியின் வால் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். வளைவில் பயந்து காலை எடுத்தால் சுழற்சி இன்னும் அதிகமாகும். அனுபவமுள்ள டிரைவராலேயே அதை மீட்பது கஷ்டம். அதனால் இரண்டு டயர் மட்டும் மாற்றினால், முன்சக்கர டிரைவ் வண்டியாக இருந்தாலும், பட்டன் அதிகம் உள்ளவை பின்னால் போக வேண்டும். மிஷ்லின் போன்ற டயர் கம்பெனிகளும் இதையேதான் சொல்கின்றன. முன்னால் வரும் பழைய டயர்களும் தரமாக இருக்க வேண்டும் என்பது இதோடு சேர்ந்த நிபந்தனை. என்னுடையவை 2022 தயாரிப்பு. 5 மில்லிமீட்டர் பட்டன் இருப்பதை அளந்து காட்டிய பிறகே முன்னால் மாட்டினார்.

பாடாலூர், பெரம்பலூர் பக்கம் நான்கு வழிச்சாலையில் கொட்டுகிற மழையில் ஓட்டியவர்களுக்கு இது சாதாரண விளக்கம் இல்லை என்று தெரியும். அங்கே தண்ணீர் ரோட்டின் ஓரத் தடத்தில் பட்டையாக நிற்கும். நூறில் வருகிற வண்டிக்கு அது போதும்.

அதே பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்தில்தான் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது. அப்போலோ ஒரகடத்தில் டயர் செய்கிறது, மிஷ்லின் தேர்வாய்கண்டிகையில். நாட்டுக்கே டயர் செய்து அனுப்புகிற மாநிலத்தில், டயரை எந்தப் பக்கம் மாட்டுவது என்பது இன்னும் வாய்வழிச் செய்தியாகவே இருப்பது எனக்கு வருத்தம். டிரைவிங் ஸ்கூலில் இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

விலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்லைன் விலையைவிடக் குறைவு இல்லை, கிட்டத்தட்ட அதே விலை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் 18தான் போட்டிருந்தது. எந்த பிராண்டையும் தள்ளிவிடப் பார்க்கவில்லை. என் அளவு, அதாவது 165/80 ஆர்14, கடையில் இல்லாததால் ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. மாட்டுவதற்கு முன் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணை என்னையே படிக்கச் சொன்னார். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். 3225 என்றால் 2025-இன் 32-வது வாரத்தில் செய்தது.

பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று, பார்த்தபோது பழைய ஈயக்கட்டிகளைப் பிடுங்கிவிட்டு, ரிம்மைத் துடைத்து, மெஷினில் இரண்டு பக்கமும் பூஜ்யம் வரும்வரை சுற்றினார்கள். நட்டு முறுக்கியது எனக்கு மிகவும் பிடித்தது. பல இடங்களில் காற்றுத் துப்பாக்கியால் தடதடவென்று இறுக்கி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பஞ்சர் ஆனால் வழியில் நம் ஸ்பேனருக்கு அசையாது. இங்கே கையால் ஓட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, வைத்த அளவு இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சில் 'டக்' என்று கேட்கும்வரை மட்டும் முறுக்கினார்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை வந்து காட்டுங்கள் என்றார், அதற்குக் காசு வாங்கவில்லை.

நான் காத்திருந்தபோது ஒரு டாக்ஸி வந்தது. டயரின் பக்கவாட்டில் ஆணி. "ஒரு ஸ்ட்ரிப் சொருகி விடுங்க பாய், மதுரை சவாரி இருக்கு" என்றார் அந்தத் தம்பி. பாய் முடியாது என்றுவிட்டார். பக்கவாட்டுப் பகுதி உருளும்போதெல்லாம் மடங்கி நிமிரும், அங்கே போட்ட ஒட்டு நிற்காது. ஸ்டெப்னியை மாட்டி, அதற்குக் காற்றும் பார்த்து அனுப்பினார். தரை படும் பகுதியில் பஞ்சர் என்றால்கூட டயரைக் கழற்றி உள்ளே பார்த்து, உள்ளிருந்து ஓட்டையை அடைக்கும் காளான் வடிவ ஒட்டு போடுவதுதான் அவர் வழக்கம். வெளியிலிருந்து சொருகும் ஸ்ட்ரிப், கடை வரை வந்து சேர்வதற்கு மட்டும்தான் என்கிறார்.

நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்டேன். இருக்கிறது, போட்டுத் தருகிறேன், ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான் என்றார். கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். எதைப் போட்டாலும் மாதம் ஒரு முறை, டயர் சூடாவதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டயரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைப் பார்த்து நிரப்பக் கூடாது. கோடையில் டயர் வெடிப்பதற்குக் காற்று அதிகமாக இருப்பதைவிடக் குறைவாக இருப்பதே பெரும்பாலும் காரணம். தளர்ந்த டயர் மடங்கி மடங்கியே சூடேறும்.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது. கழிவறை இல்லை, பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குத்தான் போக வேண்டும். வேலை நிதானமாக நடப்பதால் இரண்டு மணி நேரம் ஆகிறது, அது வரை வெயிலில் நிற்க முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்காகக் கடை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள். காலை ஒன்பதரைக்குப் போனால் கூட்டம் இல்லை.

பாய், இதைப் படித்தால் ஒரு நிழல் கூரையும் இரண்டு பெஞ்சும் போடுங்கள். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் உங்கள் கடைக்கு வருகிறார்கள்.