ஆவ்ப் பழகிய கைக்கு ஏகே வராது

நண்பன் ஒருவன் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேமை ஆட ஆரம்பித்திருக்கிறான். எந்த கன்னை முதலில் பழகுவது என்று கேட்டான். கூடவே, "எய்ம் வந்துட்டா எல்லா கன்னும் தானா வந்துடும்னு சொல்றாங்களே, நிஜமா?" என்றான். இதன் முந்தைய பதிப்பான குளோபல் அஃபென்சிவ் காலத்திலிருந்து ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வராது. ஒரு கன் கற்றுக்கொடுத்ததை இன்னொரு கன் அழித்துவிட்டுப் போகும். அந்த வேலையை எல்லாவற்றையும்விட வேகமாகச் செய்வது ஆவ்ப் (AWP) என்ற ஸ்னைப்பர் ரைஃபிள்.

முதலில் ஏகே, அதாவது ஏகே-47 ரைஃபிள். ஹெல்மெட் போட்டிருந்தாலும் தலையில் ஒரே குண்டு போதும்; கிட்டத்தில் 111 டேமேஜ். எம்4ஏ4 என்ற இன்னொரு ரைஃபிள் அதே இடத்தில் 92தான் கொடுக்கும், எதிராளி 100 உயிரில் மிச்சமிருக்கும் 8 உயிரோடு திரும்பிச் சுடுவான். அதனால் ஏகே பிடித்தவனுக்கு ஒரு வேலைதான் முக்கியம். திரையின் நடுவில் உள்ள குறி, அதாவது கிராஸ்ஹேர், எப்போதும் தலை உயரத்தில் இருக்க வேண்டும். மூலை திரும்பும்போது மட்டுமல்ல, யாருமே இல்லாத வழியில் ஓடும்போதும்கூட. நெஞ்சில் சுட்டால் கவசம் போட்டவன் விழ 4 குண்டு வேண்டும், ஒவ்வொன்றும் 27தான்.

விரலை எடுக்காமல் தொடர்ந்து சுடும் ஸ்ப்ரே பற்றி எல்லாரும் தேவைக்கு மேல் பேசுகிறார்கள். மேகசினில் உள்ள 30 குண்டும் கிட்டத்தட்ட ஒரே தடத்தில்தான் போகும்: நேராக மேலே ஏறும், பிறகு ஒரு பக்கம் இழுக்கும், அப்புறம் மறுபக்கம். சுவரில் சுட்டு அந்தத் தடத்தைப் பார்த்து, மவுஸை எதிர்த்திசையில் இழுத்துப் பழகலாம். நல்ல பயிற்சிதான். ஆனால் முதல் 10 குண்டு கைக்கு வந்தால் போதும் என்பது என் கட்சி. அதற்கு மேலும் நீள்கிற சண்டையில் பெரும்பாலும் நாம்தான் விழுவோம்.

ஸ்ப்ரேயைவிட முக்கியம் நிற்கத் தெரிவது. ஏகேவோடு ஓடும் வேகம் ஆட்டத்தின் கணக்கில் 215. அது சுமார் மூன்றில் ஒரு பங்காக இறங்கினால்தான் குண்டு வைத்த இடத்துக்குப் போகும். கீயிலிருந்து விரலை எடுத்தால் மட்டும் ஆள் உடனே நிற்கமாட்டான், கொஞ்சம் சறுக்கிக்கொண்டு போவான். கீபோர்டில் டி அழுத்தி வலப்பக்கம் வந்தால், இடப்பக்கம் போகும் ஏ-வை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தி, நின்ற அந்தக் கணத்தில் சுட வேண்டும். கவுன்டர் ஸ்ட்ரேஃப் என்பது அவ்வளவுதான். எம்4, டீகிள் பிஸ்டல், ஆவ்ப் என்று எதை எடுத்தாலும் கூடவே வருவது இந்த ஒன்றுதான். பயிற்சிக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் அதை முழுக்க இதற்கே கொடுப்பேன்.

மேக்-10, எம்பி9 போன்ற சப்மெஷின் கன் வகை வேறு மாதிரி. ஓடிக்கொண்டே சுடலாம், ஒரு கில்லுக்கு, அதாவது ஒருவனை வீழ்த்தினால், கன் வாங்க ஆட்டத்துக்குள் 600 டாலர் வரும். ரைஃபிளுக்கு 300தான். எதிரணியிடம் காசில்லாத ரவுண்டில் இதைவிட நல்ல முதலீடு இல்லை. ஆனால் தொடர்ந்து இதையே ஓட்டினால் நின்று சுடும் பழக்கம் தளர்ந்துவிடும். நோவா என்ற ஷாட்கன்னில் ஒரு கில்லுக்கு 900 டாலர். நெருக்கத்தில் மட்டும் சுடுவேன் என்று கட்டுப்பாடாக இருந்தால் போதும், வேறு பாடம் அதில் பெரிதாக இல்லை.

இப்போது ஆவ்ப். நியாயமாகப் பேசினால் இதற்கு இணை இந்த ஆட்டத்தில் கிடையாது. காலைத் தவிர உடம்பில் எங்கே பட்டாலும் ஒரே குண்டு. நீளமான வழி ஒன்றை ஆவ்ப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தாலே எதிரணி ஸ்மோக் (புகைக்குண்டு) போடாமல் வராது. ஒருவன் கையில் இருக்கும் துப்பாக்கி ஐந்து பேரின் திட்டத்தை மாற்றுகிறது. 4750 டாலர் செலவு, கில்லுக்கு 100 டாலர்தான் வரவு, ஆனாலும் தகும். ஸ்கோப் போட்டு, நின்று, ஒரு நொடிப்பொழுது பொறுத்து, சுவரோரம் தோள் தெரிந்ததும் சுடும்போது கிடைக்கிற சந்தோஷம் வேறு எந்த கன்னிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அது கிராஸ்ஹேரைக் கீழே இறக்கிவிடுகிறது. என் தீராத எரிச்சல் இதுதான். நெஞ்சில் பட்டாலே போதும் என்று ஒருமுறை கைக்குத் தெரிந்துவிட்டால், கை தலையைத் தேடுவதையே விட்டுவிடும். அடுத்த ரவுண்டில் காசு குறைந்து ஏகே வாங்குகிறேன். எதிரே ஒருவன் வருகிறான். நெஞ்சில் இரண்டு குண்டு பாய்கிறது, 54 டேமேஜ். மூன்றாவது போவதற்குள் என் தலையில் ஒன்று இறங்கிவிடுகிறது. ஆட்டத்தின் பதிவான டெமோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கிராஸ்ஹேர் அவன் கழுத்துக்கு ஒரு சாண் கீழே நிற்பது தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ஆவ்ப் ஒரு தடவை சுட்டால் அடுத்த குண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகும். அதனால் சுட்டதும் சுவருக்குப் பின்னால் ஒதுங்குவதுதான் சரி, கையும் அதைத்தான் கற்றுக்கொள்ளும். அதே கை ஏகேவிலும் முதல் குண்டு தவறியதும் ஒதுங்கப் பார்க்கிறது. அங்கேயே நின்று இரண்டாவதையும் மூன்றாவதையும் தட்டியிருந்தால் எதிராளி விழுந்திருப்பான். வேலோரன்ட் என்ற இன்னொரு கேமிலும் இதே கதைதான்: ஆபரேட்டர் என்ற ஸ்னைப்பர் உடம்பில் 150 கொடுத்து முழுக் கவசக்காரனையும் சாய்க்கும், வேண்டல் என்ற ரைஃபிளுக்குத் தலைதான் வேண்டும், அங்கே 160. இரண்டையும் மாற்றி மாற்றி எடுப்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

எதிர்பார்க்காத மருந்து டீகிளிடம் கிடைத்தது. 700 டாலர் கைத்துப்பாக்கி, 7 குண்டு. அவசரப்பட்டுத் தட்டினால் இரண்டாவது குண்டு எங்கே போகும் என்றே சொல்ல முடியாது. நின்று, தலையில் வைத்து, ஒன்றைச் சுட்டுவிட்டு, கன் அடங்கும்வரை பொறுத்து அடுத்ததைச் சுட வேண்டும். சொன்னபடி சுட்டால் ஹெல்மெட்டையும் தாண்டி ஒரே குண்டில் ஆள் விழுவான். ஆவ்ப் அதிகம் ஆடிய நாளில் செத்ததும் உடனே மறுபடி வந்து ஆடும் டெத்மேட்சில் டீகிளை மட்டும் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டுகிறேன். கிராஸ்ஹேர் தானாக மேலே ஏறுகிறது, முதல் குண்டுக்குப் பிறகு ஓடி ஒளிகிற அவசரமும் போய்விடுகிறது. ரைஃபிளை ரைஃபிளால்தான் பழக வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, ஒரு பிஸ்டல் ஏகேவைத் திருத்திக் கொடுத்தது பெரிய ஆச்சரியம். இன்றுவரை அந்த ஆச்சரியம் குறையவில்லை.

எனவே நண்பனுக்கு என் பதில்: டீகிளும் ஏகேவும். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, நிற்கவும் தலை உயரத்தில் வைக்கவும் கை பழகும்வரை ஆடு. ஆவ்ப்பைப் பற்றி இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தவில்லைதான். நேற்றுகூட நெஞ்சு உயரத்தில் ஏகேவைப் பிடித்துக்கொண்டு ஒரு மேட்ச் முழுக்கச் செத்திருக்கிறேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்போதைக்கு, செத்தவன் போட்டுவிட்டுப் போன ஆவ்ப் காலடியில் கிடந்தாலும் எடுக்காதே. டீமில் கேட்கிறவனுக்குக் கொடுத்துவிடு.