ஒரு ஃப்ளோட்டுக்காகப் போன நாலு நாள்

பத்து நாள் லீவில் ஊருக்குப் போனேன். விமானம், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் குறையில்லாமல் முடிந்தன, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாலு நாளை விழுங்கியது அப்பாவின் பழைய பிக்கப்.

முதல் தப்பு என்னுடையது. காலையில் வண்டி உடனே எடுக்கவில்லை என்றதும் ஆக்சிலரேட்டரை ஏழெட்டுத் தடவை மிதித்தேன். வெளிநாட்டில் ஓட்டுகிற இன்ஜெக்‌ஷன் வண்டியில் அப்படி மிதித்தால் ஒன்றும் ஆகாது, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அப்பா வண்டியில் இருப்பது கார்புரேட்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய கருவி. அதில் இன்ஜின் ஓடாவிட்டாலும் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சு பெட்ரோல் உள்ளே போகிறது. குப்பென்று வாசனை வந்தது. அப்பா வாசலில் இருந்தே, "போதும்டா, குடிக்கிற அளவு குடிச்சிருச்சு" என்றார். பழைய வைத்தியம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: சோக் குமிழை (கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைப்பது) முழுசாக உள்ளே தள்ளிவிட்டு, பெடலைத் தரையோடு அழுத்திப் பிடித்து (திரும்பத் திரும்ப மிதிக்கக் கூடாது), விட்டு விட்டு செல்ஃப் அடிப்பது. கரும்புகை கக்கிக்கொண்டு எடுத்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த நாள் நான் பெடலைத் தொடவே இல்லை, ஆனாலும் அதே வாசனை, ஐடிலிங்கில் (பெடலை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) தடுமாற்றம், கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்க மறுக்கிறது. சரி, வெளிநாட்டுப் பழக்கம், பளபளப்பான ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டு நேரம் வாங்கிப் போனேன். அங்கிருந்த பையன் கையில் ஸ்கேனரோடு வந்து, கம்ப்யூட்டரே இல்லாத வண்டியில் வயரைச் செருக இடம் தேடித் தேடி, கடைசியில் என்னையே கேட்டான். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நாலும் கறுத்து ஈரமாக இருந்தன. நாலையும் புதுசாக மாற்றி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாலைக்குள் புது பிளக்கும் நனைந்துவிட்டது! பெட்ரோல் எங்கிருந்து வழிகிறது என்று அங்கே ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இதற்குத்தான் நான் இருக்கும் நாட்டில் வரிசையில் நின்று மூன்று மடங்கு கொடுக்கிறேனே, இங்கேயும் அதுவேயா என்று எரிச்சல் வந்தது.

அப்புறம்தான் அப்பாவின் பழைய மெக்கானிக்கிடம் போனோம். ஸ்கேனர் கிடையாது, நேரம் வாங்கும் வழக்கமும் கிடையாது, இருந்தால் இருப்பார். முதலில் ஆயில் கேஜை உருவி முகர்ந்து பார்த்தார். "ஆயில்ல பெட்ரோல் எறங்கிருச்சு தம்பி, இதையும் மாத்தணும், இல்லேன்னா பேரிங் போயிரும்." ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, டார்ச் அடித்து கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்க்கச் சொன்னார். ஐடிலிங்கில் பெட்ரோல் விடக்கூடாத மெயின் நாசிலில் இருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. "கிண்ணத்துல மட்டம் ஏறிருச்சு. ஊசி அடைக்கல, இல்லேன்னா ஃப்ளோட்டு முங்குது." கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கிற கிண்ணம் அது. அதில் மிதக்கும் ஃப்ளோட் மேலே வரும்போது ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டும்.

ஊசியையும் அது உட்காரும் சீட்டையும் துடைத்துப் பார்த்தார், தூசியும் இல்லை, தேய்மானமும் இல்லை. அப்புறம் பித்தளை ஃப்ளோட்டைக் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். என்னிடமும் கொடுத்தார். தேங்காயைக் குலுக்கிப் பார்ப்போமே, அதே சளக் சளக். உள்ளே பெட்ரோல்! மிதக்க வேண்டியது கனத்துத் தாழ்ந்தால் ஊசி மேலே போய் அடைக்காது, பம்ப் அனுப்புகிறதெல்லாம் வழிய வேண்டியதுதான். சுடுதண்ணீரில் முக்கியதும் ஒரு மூலையில் இருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக வந்தன. அந்த ஒரு ஓட்டைதான். உள்ளே இருந்ததை முழுக்க வடித்து, வாசனை போகும்வரை காயவைத்து, அதற்கப்புறம்தான் ஈயம் பற்றவைத்தார், அதுவும் துளிதான். ஈயம் கூடினால் ஃப்ளோட் கனத்து மட்டம் மறுபடி மாறிவிடுமாம். மாட்டுவதற்கு முன் உயரத்தை அளந்து சரிசெய்தார்.

இதற்கு அரை நாள் ஆனது. அதில் பாதி அவர் பேச்சு. நான் இருக்கும் ஊரில் இந்தக் கார்புரேட்டரைப் பிரிக்கவே ஆள் கிடைக்க மாட்டார், மொத்தமாகத் தூக்கிப் போட்டு வேறு மாட்டச் சொல்வார்கள். ஆனால் இவர் எப்போது வருவார் என்று தெரியாமல் வாசலில் காத்துக் கிடந்த ஒன்றரை நாளையும் என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது வண்டி பாதி செல்ஃபில் எடுக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் போட்ட நாலு பிளக்கையும் அப்பா கழற்றி, துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டார். பழசையே பிரஷ் போட்டு மாட்டியிருக்கிறார், அதுதான் நன்றாக இருக்கிறதாம்.