வேக்குவம் கசிவைக் கண்டுபிடிக்க ஸ்பிரேயா, கேஜா, புகையா?

பழைய காரின் ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) நிலையாக நிற்காமல் ஏறி இறங்கினால், பலரும் முதலில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத்தான் திருகிப் பார்க்கிறார்கள். வெடித்த ரப்பர் ஹோஸ் வழியாகவோ, விறைத்துப்போன மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) கேஸ்கெட் வழியாகவோ, கிழிந்த பிரேக் பூஸ்டர் டயாஃப்ரம் வழியாகவோ கணக்கில் வராத காற்று நுழைந்துகொண்டிருக்கும் வரை, அதாவது வேக்குவம் கசிவு இருக்கும் வரை, அந்தத் திருகலால் பயனில்லை.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பி.சி.வி. வால்வு, அதாவது கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிப்பகுதி) வாயுவை மேனிஃபோல்டுக்குள் இழுக்கவிடும் வால்வு. மற்றவை ஓட்டைகள் என்றால், இது வேண்டுமென்றே அளந்து வைக்கப்பட்ட ஓட்டை. ஐட்லிங்கில் மேனிஃபோல்டின் இழுவை மிகுந்திருப்பதால் வால்வுக்குள் நகரும் சிறு தண்டான பிளஞ்சர், ஸ்பிரிங்கை அழுத்தி வழியைக் குறுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து இழுவை தளரும்போது வழி அகன்று, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசிந்து கிராங்க்கேஸில் சேரும் வாயு கூடுதலாக வெளியேறும். பிளஞ்சர் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், அதன் விளைவுக்கும் கிழிந்த ஹோஸின் விளைவுக்கும் ஐட்லிங்கில் வேறுபாடு தெரியாது. ஆகவே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதை வைத்தே ஒரு சோதனை முறையை நான் மதிப்பிடுகிறேன்.

கார்புரேட்டர் கிளீனரை இணைப்புகளின் மேல் அடித்து, என்ஜின் வேகம் மாறுகிறதா என்று கவனிப்பது மலிவான வழி. ஆனால் அது எளிதில் தீப்பற்றும். சூடான எக்ஸாஸ்டுக்கும் மின்பொறி கசியும் பழைய பிளக் வயர்களுக்கும் அருகே அதை அடிப்பது ஆபத்து. அதன் ஆவி ஏர் கிளீனருக்குள் போய்விட்டால் இல்லாத கசிவும் இருப்பதாகத் தோன்றும். தண்ணீரைத் தூவலாக அடித்தால் கசிவு கணநேரம் அடைபட்டு என்ஜின் சத்தம் மாறும். பாதுகாப்பானதுதான், ஆனால் மேனிஃபோல்டின் அடிப்பக்கத்தை இரண்டாலும் எட்ட முடியாது.

கார்புரேட்டர் கார்களுக்கு என் முதல் தேர்வு, மேனிஃபோல்டின் இழுவையை அளக்கும் வேக்குவம் கேஜ். கடல் மட்டத்தில், நல்ல நிலையிலுள்ள என்ஜின் ஐட்லிங்கில் பொதுவாக 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும். உயரம் 1,000 அடி கூடினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். முள் ஆடாமல் தாழ்ந்து நின்றால் கசிவாக இருக்கலாம், இக்னிஷன் டைமிங் (பிளக்கில் மின்பொறி எழும் நேரம்) பின்தங்கியதாகவும் இருக்கலாம். ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கி அடைத்தால் சந்தேகம் குறையும். பி.சி.வி. ஹோஸை நசுக்கும்போது வேகம் சிறிது இறங்குவது இயல்பு. துளியும் மாறாவிட்டால் வழி அடைத்திருக்கிறது. முள் சட்டென்று ஏறி என்ஜின் சீரானால் வால்வு திறந்தே நிற்கிறது, அல்லது யாரோ வேறு என்ஜினுக்கான வால்வைப் போட்டிருக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் உள் அளவு வேறாக இருக்கும் என்பதால், இந்தத் தவறு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே நடக்கிறது.

புகைச் சோதனை, நிறுத்திய என்ஜினுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, மயிரிழை விரிசலைக்கூடக் கண்ணுக்குக் காட்டிவிடும். ஆனால் ஓட்டை இருக்கும் இடத்தை மட்டுமே அது சொல்லும். அடைபட்ட வால்வைப் பற்றி எதுவும் சொல்லாது. சூடேறிய பிறகு மட்டும் திறக்கும் விரிசலும், குளிர்ந்த என்ஜினைச் சோதித்தால் அதற்குத் தப்பிவிடும். கேஜ் கசிவு உண்டு என்று சொல்லியும் இடம் பிடிபடாதபோதுதான் இதற்குச் செலவழிப்பது தகும்.

வால்வைக் கழற்றிக் குலுக்கி, கிலுகிலுவெனச் சத்தம் கேட்டால் போதும் என்று நினைப்பது அரைகுறைச் சோதனை. பிளஞ்சர் அசைகிறது என்பதற்கு அது சாட்சி. ஸ்பிரிங் தளர்ந்திருப்பது அதில் தெரியாது. அதைவிட நம்பகமான வழி ஒன்றுண்டு: என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது புதுக்காற்று வரும் ஹோஸை அடைத்து, ஆயில் ஊற்றும் வாயின் மேல் ஒரு தாளை வைக்க வேண்டும். தாள் சற்று நேரத்தில் உள்ளிழுக்கப்பட வேண்டும். மேலே தூக்கி எறியப்பட்டால், முதலில் சரியான புதிய வால்வைப் போட்டு, ஹோஸையும் சுத்தம் செய்து பார்க்கலாம். அதன் பிறகும் தாள் எழும்பினால், தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைத்தான் அடுத்து நோக்க வேண்டியிருக்கும்.