கண்மாய்க்கரை கேரவன் முகாம்: பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் "ஏரிக்கரைக் காட்டுக்குள் கேரவன் முகாம், குடும்பத்தோடு வாருங்கள்" என்று ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே எங்கள் மகளுக்குக் கரண்ட் ஷாக் அடித்தது. கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. பணத்தைவிட முதல் விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வைகாசியில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்கிவிட்டால் அந்தப் பெரிய வீட்டிலும் படுக்க இடம் இருக்காது. முகூர்த்த நாளில் லாட்ஜிலும் அறை கிடைக்காது. அதனால் சென்னையிலிருந்து டிரைவரோடு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இந்த முகாமில் இடம் பிடித்தோம். முன்பே போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். வண்டிக்குத் தனி பிளக் உண்டா, கழிவுத் தொட்டியை இறக்க இடம் உண்டா, ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா, பிள்ளைகள் விளையாட வேலி போட்ட இடம் உண்டா? எல்லாவற்றுக்கும் "இருக்கு மேடம், ஃபேமிலிங்கதான் வர்றாங்க" என்று ஒரே பதில். பணத்தை ஒரு தனிநபர் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார்கள்.

விளம்பரப் படத்தில் கரை தொட்டுத் தண்ணீர் நிற்கும், பின்னால் பச்சைப் பசேலென்று மரங்கள். அது வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிரம்பிக் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) பாய்கிற கார்த்திகை, மார்கழியில் எடுத்த படம். எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் மழையை நம்பியவை. சித்திரை, வைகாசியில் பெரும்பாலானவை வறண்டு வெடித்துத்தான் கிடக்கும். நாங்கள் போனபோது நடுவில் ஒரு குட்டைதான் மிச்சம். 'காடு' என்று சொன்னது ஒரு பக்கம் தைல மரத் தோப்பு, மறுபக்கம் சீமைக்கருவேலம். கோடையில் எந்த ஏரிக்கரை முகாமுக்குப் போவதாக இருந்தாலும் படத்தை நம்பாதீர்கள். அன்றைக்கே வீடியோ கால் போட்டுக் கண்மாயைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

இனி கரண்ட் விஷயம். தனி பிளக் என்று சொன்னது, பக்கத்து வயல் பம்புசெட்டு ரூமிலிருந்து இழுத்துவந்த ஒரு ஒயர். அதை வேப்ப மரக் கிளையில் சுற்றி, முனையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். விவசாயத்துக்கு அரசு இலவசமாகக் கொடுக்கிற இணைப்பிலிருந்து வாடகைக்கு விடும் இடத்துக்குக் கரண்ட் எடுப்பதே தவறு. அதைவிடப் பெரிய தவறு, அந்த ஒயரில் எர்த் கிடையாது. ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில், வெறுங்காலோடு மண்ணில் நின்றுகொண்டிருந்த மகள் வண்டிப் படியின் கைப்பிடியைப் பிடித்தாள், "அம்மா!" என்று அலறிக் கையை உதறினாள். டிரைவர் தம்பி ஓடிவந்து முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு எல்லாரையும் தள்ளி நிற்க வைத்து, மறுபடி செருகி டெஸ்டர் வைத்துப் பார்த்தார். வண்டியின் பாடியிலேயே விளக்கு எரிந்தது. உடனே பிடுங்கிவிட்டார்.

கேரவன் நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால், எர்த் இருந்தால் அது எர்த் வழியாகப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் அந்த இரும்புப் பாடியிலேயே நிற்கும். வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியாது. தரையில் நின்று வண்டியைத் தொடுகிறவர் வழியாகத்தான் அது இறங்கும். எந்நேரமும் ஏறி இறங்கித் தொடுவது பிள்ளைகள்தான். எந்த முகாமானாலும் 16 ஆம்பியர் மூன்று முனை பிளக், வேலை செய்கிற எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டித்துவிடும் ஸ்விட்ச்), இந்த மூன்றும் இல்லாத இடத்தில் வண்டியைச் செருகவே செருகாதீர்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் கரண்ட் போக வேண்டும். போகாவிட்டால் அது பெட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மகள் பிழைத்தாள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

கழிவுத் தொட்டியை எங்கே இறக்குவது என்று டிரைவர் கேட்டதற்குக் காவலுக்கு இருந்தவர் கை காட்டியது ஒரு ஓடையை. "அதுல விட்டுருங்கண்ணே, வர்ற வண்டியெல்லாம் அப்படித்தான் விடுது." அது ஓடை இல்லை, அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். மழை பெய்தால் அத்தனை மலமும் கண்மாய்க்குள் போகும். டிரைவர் மறுத்துவிட்டார், அவருக்கு என் நன்றி. குடிக்கிற ஊரணியில் கால்கூட வைக்காத ஊர்கள் இவை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களில் வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டுவிட்ட மக்கள் இருக்கிறார்கள். அந்த மண்ணில் ஒரு கண்மாயைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு, அதிலேயே கக்கூஸ் தண்ணீரை விடச் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. கண்மாய் எந்தத் தனிநபருக்கும் சொந்தமில்லை. ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத்துறை பார்க்கும், அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம் பார்க்கும். 'எங்கள் தனி ஏரி' என்று விளம்பரத்தில் வந்தால், முதல் வரியிலேயே பொய் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ராத்திரி கரைமேல் கார்களில் ஆட்கள் வந்து குடித்தார்கள், பாட்டு அலறியது. காவலாளி அவர்களோடு உட்கார்ந்திருந்தார். முகாம் கழிப்பறைக்குக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, போகிற வழியில் விளக்கும் இல்லை. நானும் அத்தையும் டார்ச் அடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் காவல் நின்றோம்.

விடிந்ததும் பிள்ளைகள் அந்தக் குட்டைப் பக்கம் ஓடினார்கள். ஆடு மேய்க்க வந்த ஒரு அப்பத்தா கம்பை ஓங்கிக்கொண்டு கத்தினார்: "ஏ தாயி, பிள்ளைகளை அங்கிட்டு விடாதீக! மண்ணு அள்ளுன பள்ளம் அது, ரெண்டாள் மட்டம் இருக்கும்!" எனக்கு உடம்பு ஆடிப்போனது. வண்டல் எடுக்கிறேன் என்று லாரி வைத்து ஆழமாகத் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள் நம் கண்மாய்களில் நிறைய இருக்கின்றன. இயல்பான கண்மாய் மெல்லச் சரிந்து ஆழமாகும். இவை ஒரே எட்டில் ஆளை விழுங்கும். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் போலத்தான் தெரியும். முகாம்காரர்கள் அங்கே ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. அந்த அப்பத்தா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

உடனே கிளம்பிவிட்டோம். சித்தப்பா பேசி, கல்யாண மண்டப வளாகத்திலேயே வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்தார். எர்த் உள்ள பிளக், செப்டிக் டேங்க், விளக்கு, சுற்றுச்சுவர் எல்லாம் அங்கே இருந்தன. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஏரிக் காட்சியைவிட இவை முக்கியம். பிள்ளைகளுக்குத் தண்ணீரும் பறவையும் காட்ட வேண்டுமென்றால் மழைக்காலம் முடிந்து வேட்டங்குடிக்குப் பகலில் கூட்டிப்போய்த் திரும்பிவிடலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்களா கிளம்புனீங்க, நாங்க போகச் சொல்லல" என்றார் போனில் பேசியவர். பில் கேட்டேன், தரவில்லை. தமிழ்நாட்டில் கேரவன் பூங்காவோ முகாமோ நடத்துகிறவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் கேட்டதும் போன் துண்டிக்கப்பட்டது. பணம் அனுப்பும் முன்பே அந்த எண்ணை வாட்ஸாப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வசதிகள் பற்றிய கேள்வி பதிலும் எழுத்தில் இருக்கட்டும். போனில் சொன்ன 'இருக்கு மேடம்' எதற்கும் எங்களிடம் சாட்சி இல்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டி, வரத்துக்கால், பள்ளம் மூன்றையும் படம் எடுத்து வைத்ததுதான் இப்போது கை கொடுக்கிறது.

ஏற்கெனவே அங்கே பணம் கட்டி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எங்கள் புகாரில் இன்னும் முடிவு வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.