5.7 லிட்டர் வி8 படகு எஞ்சினுக்குப் பெரிய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்: பல பருவம் ஓட்டிப் பார்த்ததில்

கேரளத்துப் பூவார் காயலில் மெல்ல உருட்டிக்கொண்டு வரும்வரை எஞ்சின் சமர்த்தாக இருக்கும். பொழியை, அதாவது காயல் கடலில் சேரும் வாயைத் தாண்டுவதற்குத் திராட்டிலை முழுக்கத் தள்ளினால் 3500, 4000 ஆர்பிஎம் வரை ஏறிவிட்டு மூச்சுத் திணறும். கொஞ்சம் குறைத்தால் தெளியும், மறுபடி தள்ளினால் மறுபடி திணறும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் தீருகிற வேகத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். அலை உடைகிற இடத்தில் இது நேர்ந்தால் படகு குறுக்கே திரும்பிவிடும்.

நீரோடி, பொழியூர் பக்கமெல்லாம் படகின் பின்னால் தொங்கவிடும் அவுட்போர்டு எஞ்சின்தான் ராஜா. படகுக்குள்ளேயே உட்காரும் பழைய இன்போர்டு வி8 வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்காகத்தான் இது. ஜிஎம் 5.7 லிட்டர் எஞ்சின், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியது, நாலு பேரல் ஹோலி கார்புரேட்டர், ஏறக்குறைய 400 எச்பி. கம்பெனி பம்பைக் கழற்றிவிட்டு மணிக்கு 110 கேலன் என்று சொல்லி விற்கும் மெரைன் பம்ப் மாட்டியிருக்கிறது. பம்ப் நல்ல பம்ப்தான். ஆனால் அது தனியாக எதையும் தீர்க்கவில்லை.

முதலில் கணக்கு. பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு எச்பிக்கு மணிக்குச் சுமார் அரை பவுண்டு எரிபொருள் குடிக்கும். 400 எச்பி என்றால் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ, லிட்டரில் 122 போல வரும். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்கு எடை 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 அளவில்தான், ஆகவே 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். 132 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 110 கேலன் என்பது 416 லிட்டர், தேவையைப் போல மூன்று மடங்கு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது வாயைத் திறந்துவிட்டு அளந்த கணக்கு. எதிரே அழுத்தம் இருக்கும்போது, டாங்கியிலிருந்து உறிஞ்ச வேண்டியும் இருக்கும்போது, பாதி வந்தாலே பெரிது. கம்பெனி பம்புகள் திறந்த வாயிலேயே 30, 40 கேலன்தான் தருகின்றன. அதனால்தான் 300 எச்பி தாண்டியதும் திணறல் ஆரம்பிக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டையும் எத்தனாலுக்கு ஏற்றபடி ஒன்றிரண்டு எண் ஏற்றாமல் பம்பை மட்டும் மாற்றினால் கலவை பெட்ரோல் குறைந்து மெலிந்தபடியேதான் இருக்கும். முழுத் திராட்டிலில் மெலிந்த கலவை பிஸ்டன் தலையை உருக்கிவிடும்.

கார் உதிரிப் பாகக் கடையில் இதே பம்ப் பாதி விலைக்குக் கிடைக்கும். போல்ட் ஓட்டை பொருந்தும், லீவர் பொருந்தும். வாங்கவே கூடாது. கார் பம்பில் பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு, அதாவது டயாபிராம், ஒன்றே ஒன்று. கிழிந்தால் பெட்ரோல் மூச்சு ஓட்டை வழியே வெளியே ஒழுகும். காரில் அது ரோட்டில் சொட்டும், படகில் அடித்தளத்தில் தேங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே எழும்பிப் போகாது. ஸ்டார்ட்டரின் ஒரு பொறி போதும். மெரைன் பம்பில் டயாபிராம் இரண்டு. இரண்டுக்கும் நடுவிலிருந்து கண்ணாடி போன்ற ஒரு குழாய் கார்புரேட்டருக்குப் போகும். முதல் டயாபிராம் கிழிந்தால் பெட்ரோல் அந்தக் குழாயில் தெரியும், எஞ்சினே அதை உறிஞ்சி எரித்துவிடும். குழாயில் ஈரம் கண்டால் அன்றைக்கே பம்பை மாற்ற வேண்டும். அந்த வாயை அடைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய படகில் நாம் ஏறாமலிருப்பது நல்லது.

இனி உறிஞ்சும் பக்கம். பெரிய பம்ப் பலமாக இழுக்கும். வழி ஒடுக்கமாக இருந்தால் அந்த இழுப்பே பெட்ரோலைக் குழாய்க்குள் ஆவியாக்கிவிடும். எத்தனால் பெட்ரோலும், காயலில் அரை மணி ஐடிலில் ஓடிக் காய்ந்த எஞ்சின் பெட்டியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இங்கே “பம்ப் வீக்” என்று கழற்றிப் போடுவதில் பாதிக்கு மேல் உண்மையில் உறிஞ்சு குழாயின் குற்றம். பம்பின் நுழைவாயில் ஒரு டி போட்டு வெற்றிட கேஜ் மாட்டுங்கள். 2 அங்குலப் பாதரசத்துக்கு மேல் காட்டினால் பம்பைக் குறை சொல்லாதீர்கள். டாங்கியிலிருந்து தேடிக்கொண்டு வந்தால் முதலில் அகப்படுவது ஆன்டி-சைஃபன் வால்வு. டாங்கி மூடியிலேயே இருக்கும், ஸ்பிரிங்கும் குண்டும் வைத்த சின்னப் பித்தளை. உப்பும் வார்னிஷும் ஏறிக் குண்டு பாதியில் நின்றிருக்கும். அதைத் தூக்கி எறிந்தால் வேகம் வந்துவிடும் என்பது மெய்தான். ஆனால் குழாய் அறுந்தால் டாங்கி முழுவதும் அடித்தளத்தில் கொட்டிவிடும். எறிய வேண்டாம், குழாய் விட்டத்துக்கு ஏற்ற பெரிய வால்வு போடுங்கள். பிறகு டாங்கி மூச்சுக் குழாய், அதில் குளவி கூடு கட்டியிருப்பதும் உண்டு. பிறகு நீர் பிரிக்கும் ஃபில்டர், 10 மைக்ரான். விலை குறைவென்று தமிழ்நாட்டுப் பக்கம் கேனில் பிடித்து வரும் பெட்ரோல் என்றால் ஃபில்டரை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

இந்த எஞ்சினில் டாங்கியிலிருந்து பம்ப் வரை 12.7 மி.மீ. ஹோஸ், ஐஎஸ்ஓ 7840 முத்திரை போட்டது. பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு 9.5 மி.மீ. ஸ்டீல் குழாய். வண்டிக் கடை ரப்பர் ஹோஸும், பார்க்க அழகான நைலான் பின்னல் ஹோஸும் தீ தாங்காது. வெற்றிடம் 4 அங்குலத்திலிருந்து ஒன்றரைக்கு இறங்கியது இதற்குப் பிறகுதான். பம்பை மட்டும் மாற்றியபோது திணறல் 4000-லிருந்து 4400-க்குத் தள்ளிப்போனதே தவிர ஒழியவில்லை.

மாட்டும் வேலை. எஞ்சின் பெட்டியின் ஆவியை வெளியே தள்ளும் விசிறியான புளோயரை 4 நிமிடமாவது ஓட்டி, மோந்து பார்த்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும். பம்ப் எஞ்சினின் வலப்பக்கம் முன்னால் இருக்கிறது. உள்ளே கேமில் மையம் விலகிச் சுற்றும் எக்சென்ட்ரிக் வட்டு ஒரு தள்ளுராடை நகர்த்தும், ராட் பம்ப் லீவரை நகர்த்தும். ராட் 146 மி.மீ. நீளம், அரை அங்குலத் தடிமன். பம்பைக் கழற்றியதும் ராட் சரிந்து கீழே வரும். இந்த வேலையில் ஆளைப் படுத்தியெடுப்பது இது ஒன்றுதான். பிளாக்கின் முன்முகத்தில், ராடுக்கு நேராக ஒரு குட்டி போல்ட் உண்டு. அதைக் கழற்றி, அதே மரையில் நீளமான 3/8 போல்ட் போட்டு விரலால் மட்டும் இறுக்கினால் ராட் பிடித்துக்கொள்ளும். ஸ்பானர் போட்டால் ராட் பள்ளமாகிவிடும். வேலை முடிந்ததும் குட்டி போல்டை சீலன்ட் தடவித் திரும்பப் போட வேண்டும். நீள போல்டை அங்கேயே மறந்தால் முதல் சுற்றிலேயே ராடு போயிற்று. பிராக்கெட் மறைத்து போல்ட் எட்டவில்லையென்றால் கெட்டி கிரீஸ் தடவி ஒட்டவைப்பார்கள். நம்மூர் சூட்டில் கிரீஸ் இளகிவிடும். ஹேக்சா பிளேடைச் செருகி ராடைத் தாங்கிக்கொண்டு, லீவர் அடியில் வந்ததும் பிளேடை உருவுவது மேல்.

முன்னதாக கிராங்கைத் திருப்பி ராட் முழுக்க உள்ளே போகும் நிலையில் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங்கை எதிர்த்துக்கொண்டு போல்ட் இறுக்க வேண்டியிருக்கும், மரை போகும். இரண்டு போல்டும் மாற்றி மாற்றி, 27 நியூட்டன் மீட்டர். பேக்கிங் புதிதாக இருக்கட்டும். பித்தளை யூனியன்களில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூல் போய், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வில் உட்கார்ந்து கார்புரேட்டர் வழிய வைக்கும். பெட்ரோல் தாங்கும் பேஸ்ட் போதும். ரோலர் கேம் போட்டிருந்தால் சாதா ஸ்டீல் ராட் ஒத்துவராது, முனையில் வெண்கலம் வைத்த ராட் வேண்டும்.

அழுத்தம் ஐடிலில் ஆறரை பிஎஸ்ஐ. 7-ஐத் தாண்டினால் ஹோலியின் ஊசி தூக்கிக்கொண்டு வழியும், சிலிண்டர் சுவரில் எண்ணெய் கழுவிப் போகும். அப்படி வந்தால் ரெகுலேட்டர் போடாமல் தீராது. சோதிப்பதைத் தண்ணீரில், ஆள் ஏற்றி, முழு வேகத்தில் செய்யுங்கள். டிரெய்லரில் வைத்துத் தண்ணீர் ஹோஸ் போட்டு முறுக்கினால் எந்தப் பம்பும் நல்ல பம்பாகத்தான் தெரியும். இங்கே 4800 ஆர்பிஎம்மில் 5 பிஎஸ்ஐ நிற்கிறது.

பருவங்கள் கடந்த பிறகு என்ன நிலைமை? திராட்டில் விஷயத்தில் புகார் இல்லை. சூட்டில் நிறுத்தி 10 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் அடம் பிடிப்பது குறைந்தது, போகவில்லை. ஸ்டீல் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து நாலு விரல் தள்ளி வளைத்த பிறகுதான் போனது. பம்பின் உடல் அப்படியே இருக்கிறது. கவ்வு போல்ட்களும் ஹோஸ் கிளிப்புகளும் துருப்பிடித்தன, கிளிப்பை 316 ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றியாயிற்று. அடிப் பேக்கிங்கில் லேசான எண்ணெய்க் கசிவு இரண்டாம் பருவத்தில் தெரிந்தது, போல்டை மறுமுறை இறுக்கியதும் நின்றது. பலமான ஸ்பிரிங் ராட் முனையைச் சீக்கிரம் தேய்க்கிறது. ஒரு மி.மீ. தேய்ந்தாலும் பம்பின் வீச்சு அந்த அளவுக்குக் குறையும், எனவே பேக்கிங் மாற்றும்போதெல்லாம் அளந்து பார்க்க வேண்டும். டயாபிராம் விட்டான் வகை ரப்பர். பழைய நைட்ரைல் ரப்பர் இந்த எத்தனாலில் விறைத்துவிடுகிறது. எண்ணெய்க் கோலில் பெட்ரோல் வாடை வந்தாலோ அளவு ஏறினாலோ டயாபிராமைச் சந்தேகியுங்கள்.

எலக்ட்ரிக் பம்ப் போட்டால் என்ன என்பார்கள். 450 எச்பிக்கு மேல் அதுதான் வழி, எண்ணெய் அழுத்தம் விழுந்தால் அணைக்கும் சுவிட்சோடு. அதற்குக் கீழே, எஞ்சின் நின்றால் தானும் நிற்கிற இந்தப் பம்பே நிம்மதி.

ஆனி, ஆடியில் படகைக் கரையேற்றும்போது டாங்கியில் பெட்ரோலை விட்டுவைத்தால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். வடித்துவிடுங்கள். மழை முடிந்து முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃபை நீட்டி அடிக்காமல், கார்புரேட்டரின் இரண்டு கிண்ணத்திலும் மூச்சுக் குழாய் வழியே சிரிஞ்சில் 50 மி.லி. பெட்ரோல் விட்டு, புளோயரை ஓட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். காய்ந்த டயாபிராம் நனைந்து இழுக்க ஆரம்பிக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பம்பின் கண்ணாடிக் குழாய் மேலேயே கண் இருக்கட்டும்.