எலிமென்ட் செயலி: பூட்டு தானாக விழுகிறது, சாவி நம் பொறுப்பு

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சி நடத்தும் எந்தச் சிறு அமைப்பின் செயற்குழுவிடமும் மாணவர் பெயர்ப் பட்டியல், பெற்றோரின் கைத்தொலைபேசி எண்கள், நடுவர்களின் மதிப்பெண் தாள்கள் என்று வெளியே போகக்கூடாத விவரங்கள் சேர்ந்துவிடுகின்றன. இவற்றைப் பரிமாறிக்கொள்ள எலிமென்ட் என்னும் செய்திப் பரிமாற்றச் செயலி ஏற்றதா என்ற கேள்வியோடுதான் அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஏற்றது என்பதே என் முடிவு. ஆனால், செயலியை நிறுவும் அன்றே, பழைய செய்திகளைப் புதுக் கருவியில் திறக்க உதவும் மீட்புச் சாவியைப் பற்றி உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

எலிமென்ட், 2014இல் அறிமுகமான மேட்ரிக்ஸ் என்னும் திறந்த தகவல்தொடர்பு நெறிமுறையில் இயங்குகிறது. மின்னஞ்சலில் இருப்பதைப் போலவே, ஒருவர் ஒரு சர்வரிலும் மற்றவர் வேறொரு சர்வரிலும் கணக்கு வைத்துக்கொண்டு ஒரே அறையில், அதாவது ஒரே உரையாடல் குழுவில், பேசலாம். அந்த அறையில் பேசப்படுவதன் பிரதி, பங்கேற்பவர்களின் சர்வர் ஒவ்வொன்றிலும் சேமிக்கப்படுகிறது. ஆகவே ஒரு நிறுவனத்தை நம்பினால் போதும் என்ற நிலை இங்கே இல்லை. முன்பின் அறியாத சர்வர் நிர்வாகிகள் பலரையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கிறது. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே செய்தியைப் படிக்கும்படி பூட்டும் முனைக்கு முனை மறையாக்கம் மற்றச் செயலிகளைவிட இதற்கு இன்றியமையாததாக இருப்பதற்கு இதுவே காரணம். அப்படியிருந்தும், தனி உரையாடல்களிலும் அழைப்பின்பேரில் மட்டுமே சேரக்கூடிய அறைகளிலும் அது தானாகவே இயங்கும் ஏற்பாடு 2020 மே மாதத்தில்தான் வந்தது. டெலிகிராமில் இன்றும் இருவருக்கிடையிலான ரகசிய உரையாடலைத் தனியாகத் தொடங்கினால்தான் இப்பாதுகாப்பு கிடைக்கும். பயனர் தேடிப்போய் இயக்க வேண்டிய பாதுகாப்பு, செயலியின் அமைப்புகளைத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ள இளையர்களுக்கு உதவலாம். செயற்குழுவில் பாதிப் பேராக இருக்கும் மூத்தோருக்கு அது இல்லாததற்குச் சமம்.

ஓர் அறையில் மறையாக்கம் ஒருமுறை இயக்கப்பட்டால் அதை மீண்டும் நிறுத்த முடியாது. பிடிவாதம் போலத் தோன்றினாலும் இது சரியான முடிவு; இல்லையென்றால், மறையாக்கம் இருக்கிறது என்று நம்பி எழுதுபவர்களின் காலடியில் இருந்து தரையை யாரோ ஒரு நிர்வாகி உருவிவிடலாம்.

உண்மையான சுமை சாவியில் இருக்கிறது. செய்திகளைத் திறக்கும் சாவிகள் அவரவர் கருவியில் உள்ளன. சர்வரில் அவற்றின் காப்புப் பிரதி இருந்தாலும் அதுவும் மறையாக்கப்பட்டதே. வேறு கருவி எதிலும் உள்நுழைந்திராத ஒருவர் புதுக் கைத்தொலைபேசி வாங்கி, மீட்புச் சாவியையும் தொலைத்திருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய செய்திகள் படிக்க முடியாதவையாகவே நிற்கும். எந்த உதவி மையத்தாலும் அவற்றைத் திறந்து தர இயலாது. நீண்ட எழுத்துச் சரமாக வரும் அச்சாவியைத் தாளில் எழுதி, கடப்பிதழ் வைக்கும் உறையிலேயே வைக்கும்படி எங்கள் குழுவில் சொல்லியிருக்கிறோம். திரையைப் படம்பிடித்துக் கைத்தொலைபேசியிலேயே வைத்துக்கொள்வதால் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

எதிரில் இருப்பவர் அவர்தானா என்று உறுதி செய்யும் முறை, மாறாக, வியக்கத்தக்க எளிமையுடன் இருக்கிறது. இரு திரைகளிலும் யானை, குடை, வாழைப்பழம் போன்ற ஏழு படங்கள் தோன்றும். வரிசை ஒன்றாக இருக்கிறதா என்று தொலைபேசியில் படித்துக் காட்டினால் போதும். ஆங்கிலத்தில் தயங்கும் பாட்டிகூட இதைத் தயக்கமின்றிச் செய்துவிடுவார்.

மறையாக்கம் எதை மறைப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அறையின் பெயர், அதன் தலைப்புக் குறிப்பு, யார் யார் உறுப்பினர்கள், யார் எப்போது எழுதினார்கள், எந்தச் செய்திக்கு யார் கட்டைவிரல் உயர்த்தினார்கள் ஆகியவை சர்வருக்குத் தெரியும். ஆகவே ஒரு மாணவரின் பெயரை அறையின் பெயராக வைப்பது தவறு. தேடும் வசதியிலும் ஒரு குறை உண்டு: மறையாக்கப்பட்ட செய்திகளைக் கணினியில் நிறுவும் செயலியில் தேடலாம், உலாவியில் திறக்கும் எலிமென்ட்டில் அது இயலாது. சிங்கப்பூரில் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருப்பதால் இரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்றை நிறுவலாமே என்ற யோசனை தவறாமல் எழும். செய்தியைத் திறந்து, மறுபுறத்துக்கு ஏற்ப மீண்டும் மறைப்பதே அந்தப் பாலத்தின் வேலை என்பதால், அதை நடத்துபவர் அனைத்தையும் படிக்க முடியும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எக்ஸ்எம்பிபி என்னும் மற்றொரு திறந்த நெறிமுறையில் இயங்கும் கான்வர்சேஷன்ஸ் செயலியும் ஒமெமோ என்னும் மறையாக்கத்தைத் தானாகவே இயக்குகிறது. முதல்முறை சரிபார்க்கும் வரை புதுக் கருவிகளை அது கேள்வியின்றி நம்புவதால் தொடங்குவது எளிது. ஆயினும் அது ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே உரியது. ஐபோன் வைத்திருப்பவர்கள் உள்ள குழுவுக்கு எலிமென்ட்டே பொருந்தும்.

எவரும் சேரக்கூடிய பொது அறைகளில் எலிமென்ட் மறையாக்கத்தைத் தானாக இயக்குவதில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து படிக்கக்கூடிய இடத்தில் பூட்டு போட்டுப் பயன் என்ன? எங்கள் செயற்குழு அறையும் நடுவர்கள் அறையும் எலிமென்ட்டில் மறையாக்கத்துடன் உள்ளன. போட்டி நாள், சமூக மன்ற அரங்கின் முகவரி, உணவு ஏற்பாடு போன்ற பெற்றோருக்கான அறிவிப்புகள் வழக்கம்போல வாட்ஸ்அப் குழுவிலேயே போகின்றன.